மாதனூர் கடற்கரை

மாதனூரில் நின்றுகொண்டு கடல் எந்தப் பக்கம் என்று கேட்டால் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். கிழக்கே பஸ் ஏறி உட்கார்ந்தால் அரை நாள் போகும், அதற்கப்புறம்தான் உப்புக்காற்று. அப்படிப்பட்ட ஊருக்கு ஒரு கடற்கரை வந்தது. அலையடித்துக்கொண்டா வந்தது? ஃபைலில் வந்தது. வந்ததோடு விட்டதா, அம்பிகாவின் வீட்டையும் வாரிக்கொண்டு போனது. அந்தக் கர்மத்தைத்தான் சொல்லப் போகிறேன், மூக்கைப் பொத்திக்கொண்டு கேளுங்கள்.

கரையோர மாற்றக் கண்காணிப்பு மற்றும் கடற்கரை ஊட்ட இயக்ககம் என்று ஒன்றை ஆரம்பித்திருந்தார்கள். வருஷா வருஷம் செயற்கைக்கோள் எடுக்கிற படங்களை அடுக்கிப் பார்த்து, கடல் எங்கே கரையைத் தின்கிறது என்று கண்டுபிடிப்பது, தின்ற இடத்தில் மணலைக் கொட்டிக் கடற்கரையை மறுபடி வளர்ப்பது, இதுதான் வேலை. நல்ல வேலை, வேண்டிய வேலை, அதைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் உத்தரவை எழுதிய புண்ணியவான் 'எல்லா மாவட்டங்களிலும் பாகுபாடின்றி' என்று எழுதிவிட்டான். அப்புறம் யாருக்கு அதை அடிக்க மனசு வரும்! வேலூரில் டயர் கடை மாடியில் ஒரு மண்டல அலுவலகம் திறந்தார்கள். ஏழு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், சுவரில் ஆணியடித்து மாட்டிய ஒரு உயிர்காப்பு மிதவை.

இணை இயக்குநராக வந்தவர் கோதண்டராமன். அதற்கு முன்னால் பட்டு வளர்ச்சியில் இருந்தார், அதற்கும் முன்னால் எடை அளவைகளில். எந்தத் துறையில் போட்டாலும் இருபது நிமிஷம் தடங்கலில்லாமல் பேசக்கூடியவர். இரண்டு வருஷம் நிம்மதியாகப் போனது. மூன்றாம் வருஷம் சென்னையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கரை இல்லாத மண்டலங்கள் மார்ச்சோடு மூடப்படும், அலுவலர்கள் கரை உள்ள ஊர்களுக்கு மாற்றப்படுவார்கள் என்று அதில் இருந்தது. கோதண்டராமனுக்குக் கடல் காற்று ஒத்துக்கொள்ளாது, உடம்பெல்லாம் வேர்க்குரு வந்துவிடும்.

"சௌம்யா, எப்படியாவது ஒரு கரை பாரும்மா" என்றார்.

சௌம்யா பாகாயத்துப் பெண். படங்களை அலசிப் பார்க்கிற படிப்பைப் படித்துவிட்டு, ஒப்பந்த வேலையில் அந்த ஒரே கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் ஒரு மென்பொருள் இருந்தது. ஈர மணலுக்கும் காய்ந்த மணலுக்கும் நடுவே வெள்ளையாக நீளக் கோடு தெரிந்தால் அதை அலையடிக்கிற இடம் என்று எடுத்துக்கொள்ளும். கடலில் அது சரிதான். அவள் அதைப் பாலாற்றின் மேல் ஓடவிட்டாள். மாதனூர் பக்கத்தில் ஒன்றே கால் கிலோமீட்டருக்கு வெள்ளைக் கோடு விழுந்தது.

"சார், இது அலை இல்ல. தோல் பதனிடுற ஷாப்புங்க கழிவ வுடுறாங்க இல்ல, அந்த நுரை" என்றாள்.

"மென்பொருள் என்ன சொல்லுது?"

"அலைக்கோடுன்னு சொல்லுது."

"அந்த மென்பொருளை எத்தனை நாட்டுல ஒத்துக்கிட்டிருக்காங்க?"

"நாப்பது நாடு இருக்கும் சார்."

"உன்னை எத்தனை நாட்டுல ஒத்துக்கிட்டிருக்காங்க?"

சௌம்யா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய ஒப்பந்தமும் மார்ச்சோடுதான் முடிகிறது. அன்று சாயந்திரமே மாதனூர்க் கரை, எண் ஒன்று என்று ஒரு ஃபைல் திறக்கப்பட்டது.

இது எதுவும் தெரியாமல் அதே வாரத் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுத்துவிட்டு வந்தவள்தான் அம்பிகா. ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவள். காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறினால் ராத்திரி ஏழரைக்குத்தான் இறங்குவாள். பதினாறு வருஷம் அப்படித் தைத்து, ஆற்றங்கரையில் இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டும் கட்டியிருந்தாள். இருபத்திரண்டு அடிக்குப் பதினெட்டு அடி. பட்டா இருந்தது, கரண்டு ரசீது இருந்தது. கட்டும்போது வீட்டுக்குப் பின்னால் எழுபது அடி நிலம் கிடந்தது. லாரி லாரியாக ஆற்று மணலை அள்ளி அள்ளி, ஆறு பள்ளமாகி, கரை சரிந்துகொண்டே வந்தது. வெள்ளத்தில் கொய்யா மரம் போனது, அடுத்த மழையில் கக்கூஸ் போனது. இப்போது பின்சுவருக்கும் பள்ளத்துக்கும் நடுவில் பன்னிரண்டு அடிதான். ஒரு தடுப்புச் சுவர் கட்டிக் கொடுங்கள், வீடு போய்விடும் சாமி என்பதுதான் மனு. வேறு ஒன்றும் அவள் கேட்கவில்லை.

மனுவில் இருந்த இடத்தை யாரோ வரைபடத்தில் குத்திப் பார்த்தார்கள். மாதனூர்க் கரை எண் ஒன்றுக்குள் விழுந்தது. மனு நேராக டயர் கடை மாடிக்குப் போய்விட்டது.

"மனுவுக்கு ஆபீஸருங்க வர்றாங்களாம்" என்று அம்பிகா தன் வீட்டுக்காரன் தானியேலிடம் சொன்னாள். அவளுக்கு அத்தனை சந்தோஷம். தானியேல் தோல் ஷாப்பில் தோலைப் பதப்படுத்துகிற டிரம் ஓட்டுகிறவன், அதிகம் பேச மாட்டான்.

"வரட்டும். வர்றவங்க கிட்ட ஷாப்பு கதையெல்லாம் பேசாத. எனக்கு வேலை போய்ட்டா அப்புறம் பேஜாராய்டும்" என்றான்.

ஜீப்பில் வந்தார்கள். கோதண்டராமன் இறங்கியதும் கர்சீப்பை எடுத்து மூக்கில் வைத்தவர் கடைசி வரை எடுக்கவில்லை. யார்தான் எடுக்க முடியும்? பழுப்பும் நீலமும் கலந்த தண்ணீர் ஒரு ஓரமாக ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் மேல் இடுப்பளவு நுரை. காற்றடித்தால் பிய்ந்து பறந்து முள்செடியில் தொங்கும். அழுகின மாமிசமும் சுண்ணாம்பும் முட்டையும் சேர்ந்த நாற்றம். பக்கத்து வீட்டு அக்தரி பேகத்தின் ஆடு போன மாதம் அதில் வாய் வைத்து, நாலடி நடந்து விழுந்து செத்தது.

"அலை எப்ப ஏறும், எப்ப இறங்கும்?" என்று கோதண்டராமன் கர்சீப்புக்குள்ளிருந்து கேட்டார்.

அம்பிகாவுக்குப் புரியவில்லை. "இன்னா அலை சார்?"

"இந்த வெள்ளை."

"நுரையா? மழை வந்தா வரும் சார். மழைத் தண்ணியோட சேத்து வுட்டுட்டா தெரியாதுன்னு ஷாப்புல கழிவுத் தொட்டியத் தொறந்து..." சொல்லும்போதே தானியேல் இருமினான். அவள் பாதியில் நிறுத்திவிட்டாள். "வெள்ளிக்கிழமை மட்டும் வராது சார்."

"ஏன்?"

"அன்னைக்கு ஷாப்பு லீவு."

கோதண்டராமன் சௌம்யாவைத் திரும்பிப் பார்த்தார். "எழுதிக்கம்மா. மழைக்காலத்தில் ஏற்றம் அதிகம். வெள்ளிக்கிழமைகளில் அலை இல்லை. வாராந்தர ஓய்வுடைய கரை. உலகத்துல வேற எங்கயும் பதிவாகாத விஷயம் இது, நம்ம மண்டலத்துக்குக் கிடைச்சிருக்கு பாரு!"

"சார், என் வீடு" என்றாள் அம்பிகா. "கரை சரிஞ்சிட்டே வருது. லாரிக்காரனுங்க அள்ளி அள்ளி..."

"முப்பது வருஷத்துல கரை அறுபத்தெட்டு மீட்டர் உள்ள வந்திருக்கு. எங்க கிட்ட படம் இருக்கு. காரணம் கடல் மட்டம் உயர்றது."

"இல்ல சார், லாரி. தினம் நாப்பது லோடு போகுது. இதோ டயர் தடம்."

கோதண்டராமன் அவள் காட்டின தடத்தைப் பார்க்கவில்லை. பொறுமையாகச் சொன்னார்: "இங்க பாரும்மா. செயற்கைக்கோள் எழுநூத்தி எண்பது கிலோமீட்டர் உயரத்துல இருந்து பாக்குது. அதோட ஒரு புள்ளி பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். லாரி எவ்வளவு நீளம்? எட்டு மீட்டர். ஒரு புள்ளிக்குள்ள அடங்கிடுது. புள்ளிக்குள்ள அடங்குற பொருளை நாங்க கணக்குல எடுக்கிறதில்ல. அறிவியல்படி அங்க லாரி இல்ல."

அப்போது ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே அவர்களைத் தாண்டி ஆற்றுக்குள் இறங்கியது. ஜீப்பை ஓரங்கட்டச் சொல்லி வழிவிட்டார்கள்.

"அப்ப என் வீடு?" என்று அம்பிகா கேட்டாள்.

சௌம்யா கையிலிருந்த படத்தைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். "அதுவும் தெரியலக்கா. சின்ன வீடு."

"பட்டா இருக்குதும்மா. கரண்டு ரசீது இருக்குது."

"அதெல்லாம் கீழேயிருந்து பாக்கறவங்களுக்கு" என்றார் கோதண்டராமன். அம்பிகா காபி கொடுத்தாள். என்ன தண்ணீர் என்று கேட்டார். கேன் தண்ணீர்தான் என்று உறுதியானதும் குடித்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தது. அரிக்கப்பட்ட மாதனூர்க் கரைக்கு மணல் ஊட்டப்படும் என்று. தடுப்புச் சுவர் பற்றி அதில் ஒரு வரி இல்லை. ஆனாலும் அம்பிகா தன்னைத் தேற்றிக்கொண்டாள். சுவர் இல்லாவிட்டால் என்ன, மணலைக் கொட்டினாலும் பள்ளம் ரொம்பும்தானே? அக்கா முறையில் ஆபா என்று கூப்பிடுகிற அக்தரி பேகத்திடமும் அதையே சொன்னாள். "ஆபா, நம்ம கஷ்டம் தீந்துச்சு."

அக்தரி பேகம் பீடி சுற்றிக்கொண்டே, "வேலை யாருக்கு வுட்டிருக்காங்கன்னு கேட்டியா?" என்றாள்.

காசிக்கு விட்டிருந்தார்கள். இத்தனை வருஷமாக அந்த ஆற்றிலிருந்து மணல் அள்ளிக்கொண்டிருந்த அதே காசி. அதே லாரிகள். முன்னால் 'அவசரம்' என்று எழுதி ஒட்டியிருந்த கண்ணாடியில் இப்போது 'கடற்கரை ஊட்டப் பணி' என்று ஒட்டியிருந்தான், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஊட்டுகிற மணலை ஐந்நூறு மீட்டருக்குள் எடுக்க வேண்டும் என்று விதி. காசி எங்கே தோண்டினான் தெரியுமா? அம்பிகா வீட்டுப் பின்சுவரிலிருந்து நாற்பது அடியில். பொக்லைனை இறக்கி அடியோடு அள்ளினான். லாரி அதை ஏற்றிக்கொண்டு பாலத்தைச் சுற்றி ஊரை வலம் வந்து, அள்ளின இடத்துக்கு இருநூறு அடி தள்ளிக் கொட்டியது. போட்டோ எடுத்ததும் கொட்டினதில் முக்கால்வாசியை வேறு லாரிகள் அள்ளிக்கொண்டு பெங்களூர் ரோடு பிடித்தன. அடுத்த நாள் மறுபடி தோண்டினான். பன்னிரண்டு அடி எட்டடியாயிற்று. இரவு படுத்தால் தலைக்கடியில் மண் உதிருகிற சத்தம் கேட்டது.

அம்பிகா லீவு போட்டுவிட்டு டயர் கடை மாடிக்கு ஓடினாள்.

"சார், என் கரையைத் தோண்டியே என் கரையில கொட்டுறாங்க சார்!"

"கரெக்ட்" என்றார் கோதண்டராமன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அந்தந்தக் கரைக்கு அந்தந்த மண்ணுதான் சேரும். வெளி மண்ணு போட்டா ஒட்டாது. தாய்ப்பால் மாதிரின்னு வெச்சுக்கயேன்."

"வீடு வுழுந்துடும் சார்."

"எந்த வீடு?"

அவர் கிண்டல் செய்யவில்லை. அந்த வயிற்றெரிச்சலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கிண்டல் செய்திருந்தாலாவது அவருக்கு வீடு இருப்பது தெரியும் என்று ஆகியிருக்கும். அவர் நிஜமாகவே படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

படியிறங்கும்போது சௌம்யா பின்னாலேயே வந்தாள். "அக்கா, படத்துல தெரிஞ்சாத்தான் உங்க மனுவை நகத்த முடியும். அஞ்சு நாளைக்கு ஒரு தரம் காலையில பத்தரை மணி போல செயற்கைக்கோள் நம்ம மேல போகும். முப்பத்தஞ்சு, நாப்பது அடிக்கு ஏதாச்சும் விரிச்சு வீட்டைப் பெருசாக் காட்டுங்க" என்றாள். ஒரு படி இறங்கி நின்று இன்னும் சொன்னாள். "நீலக் கலர் வேணாம், கடல்னு எடுத்துக்கும். வெள்ளை வேணவே வேணாம், அலைன்னு சொல்லிடும்."

அம்பிகா பழைய லாரித் தார்ப்பாய்களைச் சேர்த்தாள். எல்லாம் செங்கல் நிறம். ஞாயிற்றுக்கிழமை பூராவும் மிஷினில் உட்கார்ந்து ஒன்றோடொன்று தைத்தாள். தடித் தோலையே தைக்கிற கை, தார்ப்பாய் எம்மாத்திரம்! தன் வீட்டையும் அக்தரி பேகத்தின் வீட்டையும் சேர்த்து ஒரே கூரையாக இழுத்துக் கட்டினார்கள். இரண்டு வீட்டுக்குள்ளும் பகலிலேயே லைட் போட வேண்டியிருந்தது, புழுக்கம் தாங்கவில்லை. சௌம்யா சொன்ன நாளில் பத்தரை மணிக்கு இரண்டு பெண்களும் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்கள்.

"தெரிஞ்சிருக்குமா ஆபா?"

"இவ்ளோ பெருசுக்கும் தெரியலன்னா அதுக்குக் கண்ணு ஆபரேஷன்தான் பண்ணணும்" என்றாள் அக்தரி பேகம்.

அதற்கடுத்த வாரம் திறப்பு விழா. சென்னையிலிருந்து முதன்மைச் செயலர் வருகிறார் என்று ஆற்று மணலில் பந்தல் போட்டார்கள். கோடு போட்ட குடைகள், சாய்வு நாற்காலிகள், ஆம்பூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டிக்கொண்டு வந்த ஒரு சுண்டல் வியாபாரி. காசியின் மச்சான் மஞ்சள் பனியன் போட்டுக் கழுத்தில் விசிலோடு உயிர்காப்பாளராக நின்றான். நீந்தத் தெரியாது, தேவையும் வரவில்லை. நாற்றத்துக்காக நாலு மூலையிலும் சாம்பிராணி போட்டார்கள். சாம்பிராணியும் அந்த நாற்றமும் சேர்ந்து இன்னொரு புது நாற்றமானது, அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. முன்வரிசையில் ஒருவர் வாந்தி எடுத்தார். வெயில் என்று சொல்லிக் கூட்டிப் போனார்கள்.

"அன்பார்ந்த மீனவப் பெருமக்களே!" என்று செயலர் ஆரம்பித்தார். கீழே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் ஷூ கம்பெனி, மீதிப் பேர் தோல் ஷாப்பு. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "கடல் உள்ள மாவட்டங்களில் எங்கள் பணி இழுத்துக்கொண்டே போகிறது. காரணம், அங்கே கடல் இருக்கிறது. நாம் கொட்டுகிறோம், அது கொண்டுபோய்விடுகிறது. இந்த மண்டலத்தில் மட்டும்தான் குறித்த காலத்துக்குள் பணி முடிந்திருக்கிறது. ஏன்? கடலின் குறுக்கீடு இல்லை! மற்ற மண்டலங்களும் இதை முன்மாதிரியாகக் கொள்ள வேண்டும்."

கைதட்டல். அடுத்து கோதண்டராமன். "சிலர் கேட்கிறார்கள், நாற்றம் வருகிறதே என்று. நான் முப்பது வருஷப் படங்களைப் பார்த்தவன். ஒரு படத்தில்கூட நாற்றம் பதிவாகவில்லை. சிலர் லாரி என்கிறார்கள். லாரியும் பதிவாகவில்லை. பார்த்ததையும் முகர்ந்ததையும் வைத்து அரசு நடத்த முடியாது. ஆதாரத்தை வைத்துத்தான் நடத்த முடியும்!"

பிறகு சிறப்பு விருந்தினர் அலையில் கால் நனைப்பது என்று ஒரு சடங்கு. செயலர் ஷூவைக் கழற்றிக்கொண்டு நுரையைப் பார்த்தார். நுரைக்குள்ளிருந்து எதுவோ குமிழ் விட்டது. அவர் மறுபடி ஷூவைப் போட்டுக்கொண்டார். உடனே ஒரு பிளாஸ்டிக் தொட்டியைக் கொண்டுவந்து இரண்டு கேன் குடிதண்ணீரை ஊற்றினார்கள். அதில் கால் வைத்தார், போட்டோ எடுத்தார்கள். குடிக்க ஒரு கேன் தண்ணீருக்கு வாரத்தில் இரண்டு நாள் தெருமுனையில் காத்து நிற்கிற பெண்கள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்பிகா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ச் செயலர் கையில் மனுவைத் திணித்தாள். அவர் அதை வாங்கி, தன் காலடியில் உட்கார்ந்து ஈரத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்த கோதண்டராமனிடம் கொடுத்தார்.

நாலாம் நாள் மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் கொட்டியது. மூன்றாம் நாள் காலை ஆறே முக்காலுக்கு அம்பிகா குடை பிடித்துக்கொண்டு பஸ் நிற்கிற இடத்தில் நின்றாள். பஸ் கண்ணில் தெரிகிற நேரம் பின்னால் அக்தரி பேகம் அலறினாள். அம்பிகா ஓடிவந்தபோது தார்ப்பாய் மட்டும் ஒரு கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. சமையல்கட்டு, இரண்டு அறை, மிஷின், பட்டா வைத்திருந்த டிரங்குப்பெட்டி எல்லாம் காசி தோண்டின பள்ளத்தில் கிடந்தது. அதன் மேல் நுரை ஏறிக்கொண்டிருந்தது. அக்தரி பேகத்தின் வீடு ஒரு சுவர் பிளந்து நின்றது.

தானியேல் நைட் ஷிப்ட் முடிந்து வந்து விளிம்பில் நின்றான். அந்த நுரையைப் பார்த்தான்.

"நான்தான் தொறந்தேன்" என்றான். "மழை பெய்யுது, தொறந்து வுடுடான்னான் மேஸ்திரி. தொறந்தேன். அன்னைக்கு உன்ன வாயத் தொறக்காதன்னு இருமினதும் நான்தான்."

அம்பிகா தன் பதினாறு வருஷத்தைப் பார்த்துக்கொண்டு ஈரத்தில் உட்கார்ந்தாள். பஸ் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அன்றிலிருந்து அக்தரி பேகத்தின் பிளந்த வீட்டு முன்அறையில்தான் இருவருக்கும் ஜாகை. பத்து நாள் கழித்து அந்த விலாசத்துக்கே இரண்டு தபால் வந்தது. இரண்டும் டயர் கடை மாடியிலிருந்து. ஒன்று, வீடு இடிந்ததற்கு நிவாரணம் கேட்டு அவள் கொடுத்த மனுவுக்குப் பதில். மேற்படி இடத்தில் ஊட்டப் பணிக்கு முந்தைய படத்தில் வீடு இல்லை, பிந்தைய படத்திலும் வீடு இல்லை, ஆகவே மாற்றம் ஏதுமில்லை. இன்னொன்று நோட்டீஸ். கடற்கரையிலிருந்து தடைசெய்யப்பட்ட தூரத்துக்குள் செங்கல் நிறத்தில் புதிதாக ஒரு பெரிய கட்டுமானம் செயற்கைக்கோள் படத்தில் கண்டறியப்பட்டுள்ளது, அந்த ஆக்கிரமிப்பைப் பதினைந்து நாளில் அகற்ற வேண்டும்.

அம்பிகா இரண்டையும் மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். ஒரு இருபது லிட்டர் கேனை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினாள். அவள் வீடு கிடந்த இடத்திலேயே அதை முக்கி, வழிய வழிய மொண்டாள். பஸ்ஸில் கண்டக்டர் ஏற்றமாட்டேன் என்றான், ஷேர் ஆட்டோக்காரன் இறக்கிவிட்டான். கடைசியில் மாட்டுத்தோல் ஏற்றின ஒரு மினி வேனில் வேலூர் போய்ச் சேர்ந்தாள்.

கோதண்டராமன் உற்சாகமாக இருந்தார். அன்றைக்குத்தான் மாநிலத்திலேயே சிறந்த ஊட்டக் கரை என்று மாதனூருக்கு விருது அறிவித்திருந்தார்கள். மண்டல அலுவலகம் இன்னும் ஐந்து வருஷத்துக்கு மூடப்படாது. மேஜை மேல் லட்டு டப்பா இருந்தது.

அம்பிகா இரண்டு காகிதத்தையும் விரித்து வைத்தாள். "சார், இது வீடே இல்லன்றது. இது வீட்டை இடின்றது. நான் இன்னா பண்ணட்டும்?"

கோதண்டராமன் இரண்டையும் படித்தார். மூன்று படங்களையும் கம்ப்யூட்டரில் வரவழைத்துப் பார்த்தார். "எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு. மொதல் படத்துல இல்ல. ரெண்டாவதுல ஆக்கிரமிப்பு வந்திருக்கு. மூணாவதுல இல்ல. நோட்டீஸ் கையில கிடைக்கிறதுக்கு முந்தியே நீங்களா அகத்திட்டீங்க. உங்கள மாதிரி ஒத்துழைப்பு எங்க கிடைக்குது? பாராட்டுச் சான்றிதழ் போடச் சொல்றேன்." ஒரு லட்டை எடுத்து அவள் பக்கம் நீட்டினார். "இன்னொரு சந்தோஷமான விஷயம். நீங்க சொல்ற அந்த இடமும் சரிஞ்சு மணலோட சேந்ததுல, கடற்கரை இன்னும் ஆறு மீட்டர் அகலமாயிருக்கு. விருதே அதுக்குத்தான்."

"என் வீட்டால."

"எந்த..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

அம்பிகா லட்டை வாங்கவில்லை. கீழே வைத்திருந்த கேனைத் தூக்கினாள். விருதுக் கடிதத்தின் மேல் வைத்தாள். மூடியைத் திருகி எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஒரு நிமிஷம் ஆகவில்லை, அறை முழுக்க ஏறிவிட்டது. வழியில் குலுங்கிக்கொண்டே வந்த தண்ணீர் பொங்கி, வாய் வழியாக நுரை தள்ளி, மேஜைக் கண்ணாடியில் இறங்கி, லட்டு டப்பாவைச் சுற்றிக்கொண்டது. கோதண்டராமன் நாற்காலியோடு பின்னால் போனார். கர்சீப்பைத் தேடினார், கிடைக்கவில்லை, சட்டைக் காலரை இழுத்து மூக்கில் வைத்தார். அடிவயிற்றிலிருந்து ஓங்கரித்தார்.

"என்னம்மா இது? என்ன இது?"

"உங்க கடல் சார்."

"எடு! மொதல்ல இதை எடு இங்கேருந்து!"

"எதை சார்?" என்றாள் அம்பிகா. "ரெண்டடி கேன் சார் அது. பத்து மீட்டருக்கு எவ்ளோ கம்மி!"

அவர் சுவர் மிதவையில் சாய்ந்துகொண்டு, "சௌம்யா! ஆளைக் கூப்பிட்டு இதைத் தூக்கச் சொல்லு!" என்று கத்தினார்.

சௌம்யா துப்பட்டாவால் மூக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினாள். டயர் கடை மாடியின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

"பாத்துட்டேன் சார். ஒண்ணும் தெரியல."

அம்பிகா படியிறங்கினாள். கம்பெனியில் அரை நாள் லீவுதான் சொல்லியிருந்தாள், மத்தியான வேலைக்கு இன்னும் நேரம் இருந்தது.